வட்டத்துக்குள் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானம் போட்டாலே அது என் தலையில்தான் விடியும். அன்று பல் தேய்த்துக்கொண்டே போட்டார்.

"உன் தலையணை உறையில இனிமே என் முகம்தான் இருக்கும்!"

பதினோரு வருஷமாக நான் தைக்கிற உறை. எல்லாரும் என்னை அக்கா என்பதால் கடைக்கும் 'அக்கா' என்றே பெயர். இப்போதுதான் ஒரு பெரிய கடை முதல் தடவையாக ஐந்நூறு உறை கேட்டிருந்தது, லேபிளோடு. லேபிளில் கோணல் வந்தால் ஆர்டரே கை நழுவிப் போய்விடுமே என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. இதில் இவர் முகம் வேறு!

அச்சகத்தில் படம் வரையும் பெண் இரண்டு மாதிரி காட்டினாள்.

"சார், இதுல படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வேணும்னா தனித்தனியாவும் போட்டுக்கலாம்."

"தனித்தனியாவா? இவ என் தலைய வெட்டிட்டு எழுத்த மட்டும் வச்சுக்குவா! அடுத்தது?"

"இது முத்திரை மாதிரி. வட்டத்துக்குள்ள படம், சுத்தி எழுத்து. ஒண்ண விட்டு ஒண்ணப் பிரிக்கவே முடியாது."

"அதான் வேணும்!"

"என்னங்க, கொஞ்சம் யோசிச்சு..."

"நீ சும்மா இரு!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

லேபிள் வந்தது. முறுக்கு மீசையோடு அவர் முகம். நெற்றிக்கு மேலே வளைவாக, கொட்டை எழுத்தில் 'அக்கா'.

"உங்க முகமாச்சே, நீங்களே நாலு பேருக்குக் காட்டிட்டு வாங்க" என்று பத்து உறைகளைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"மெஷின் ரிப்பேர்காரன் என்னைப் பாத்து 'வாங்கக்கா'ங்கறான்டி!"

"அடப்பாவமே!"

"பக்கத்து வீட்டுக்காரர் லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு, 'அக்கா இளைச்சுட்டீங்களே'ன்னு கேக்கறார்!"

"அக்கறையாத்தானே கேட்டிருக்கார்?"

"கிண்டலா? உடனே என் முகத்த எடு!"

"எப்படிங்க எடுக்கறது? பிரிக்க முடியாததாத்தான் வேணும்னு நீங்கதானே..."

"அப்ப மொத்தத்தையும் தூக்கிப் போடு! ஊசியோ நூலோ, எதையாவது படமாப் போட்டுக்கோ!"

"ஐந்நூறும் வீணா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பதறிப்போய், என்னை உட்காரவைத்துவிட்டு அவரே பாத்திரம் கழுவப் போனார்.

பாவம், எப்படிச் சொல்வதென்றுதான் இப்போது எனக்குக் கவலை: அவர் முகத்தோடு அச்சடிக்க அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதே அந்தப் பத்துதான், ஊசிப் படம் போட்ட ஐந்நூறும் நேற்றே அந்தப் பெரிய கடைக்குப் போய்விட்டன.