பத்தரைக்கு முன் இறுக்கிய எட்டு போல்ட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கார் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் தவறு செய்தவர்களை ஊர் மன்னித்துவிடும். நானோ புத்தகத்தை வாசித்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு, பக்கத்தின் மூலையை மடித்தும் வைத்துவிட்டு, அதற்கு நேர்மாறாகச் செய்தவள். (என் வீட்டுக்காரர் இதை வாசித்தால் "இன்னமும் அப்படித்தானே செய்யிற" என்பார். அவருக்குக் காட்டப்போவதில்லை.)

எங்கள் கராஜ் டிக்கோயாவில், ஹட்டன் போகும் பாதையோரத்தில் இருக்கிறது. லொறி, வேன், ஓட்டோ, இவைதான் அப்பாவுக்குத் தெரிந்த உலகம். நான் மோட்டார் மெக்கானிக் கோர்ஸை முடித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில், நீல ஓவர்ஆலோடு கராஜ் வாசலில் போய் நின்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் பஞ்சர் ஒட்ட விட்டார். நாலாவது மாதம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"யோகா, பெரிய வேல ஒண்ண நீயா எடுத்து நீயா முடி. வண்டி நல்லா ஓடுச்சுன்னா இங்கயே இரு. இல்லேன்னா ஒண்ணாந்தேதி கொழும்புக்குப் போயிரணும். சித்தப்பா வீட்டுல தங்கி கம்பியூட்டர் படி. சரியா?"

"சரிப்பா" என்றேன். கொழும்பு வெயிலையும் சித்தப்பாவின் அறிவுரைகளையும் நினைத்த மாத்திரத்தில் டிக்கோயாக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

அந்தப் பெரிய வேலை மறுவாரமே டொக்கு டொக்கு என்று சத்தம் போட்டுக்கொண்டு தானாக வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் அதிபர் சேர். யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வாத்தியாராக ஹட்டனுக்கு வந்து, பள்ளிக்கூட அதிபராகி, ஓய்வும் பெற்று, குளிர் பழகிப்போனதால் இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய கார் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையில்லாத, சிவப்பு நிறத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கும். ஆறடி சேர் அதற்குள் தன்னை மடித்து வைப்பதை வேடிக்கை பார்க்கவே ஆள் கூடும். தோட்டத்துச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் சப்பைக் கார்.

அவருடைய மனைவி டீச்சரம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இருபது வருடமாக அந்தக் காரில் அவர் ஏறியதே இல்லை. "உதுக்குள்ளை இறங்கினா நான் பிறகு எழும்பேலாது. கிணத்துக்குள்ளை இறங்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்று ஊருக்கே அறிவித்து வைத்திருந்தார்.

காருக்கு வந்த வியாதி புஷ் வியாதி. சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டுகளில் புஷ் என்று ரப்பர் துண்டுகள் இருக்கும். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் சண்டை போடாமல் நடுவில் நின்று அடி வாங்குவது அவற்றின் உத்தியோகம். (எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா.) சேரின் காரில் அவை எட்டும் நொறுங்கிப் பொடியாகியிருந்தன. புதிய புஷ் எட்டையும், படம் போட்ட ஒரு புத்தகத்தையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வாற வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எனக்குக் கார் வேணும். நுவரெலியாவிலை பழைய காருகளின்ரை கண்காட்சி. செய்வீரோ பிள்ளை?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கண்ண மூடிக்கிட்டுச் செஞ்சிருவேன் சேர்!"

"கண்ணைத் திறந்துகொண்டே செய்யும்" என்றார் சேர்.

திங்களும் செவ்வாயும் பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரித்தே எடுத்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டார் காயப்போட்ட துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். புதன்கிழமை புது புஷ்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, பட்டறை வைஸில் வைத்து நசுக்கி உள்ளே ஏற்றினேன். ஏழு நல்ல பிள்ளைகளாக ஏறின. எட்டாவது வழுக்கிப் பறந்துபோய் அப்பாவின் பிளேண்டித் தேநீருக்குள் விழுந்தது. அப்பா அதை விரலால் எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சப் பிளேண்டியையும் குடித்தார். நான் சொன்னேனே, அடி வாங்குகிற உத்தியோகம் என்று.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கார் நாலு முட்டுக்கட்டைமேல் அந்தரத்தில் நிற்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன. எட்டு போல்ட்டையும் கையால் திருகி வைத்தாயிற்று. பாக்கி இருப்பது கடைசி இறுக்கு மட்டும். சிவப்புக் கோடு போட்ட வரி அதைப் பற்றியதுதான்: கார் கீழே இறங்கி, தன் சக்கரங்களில் நின்று, முழுப் பாரத்தையும் தாங்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கலையே தன் இருப்பிடம் என்று பிடித்துக்கொள்ளும். பிறகு இறக்கினாலும் காரைக் கீழே பதிய விடாது.

அந்த நேரம் பார்த்து அம்மா கலண்டரும் கையுமாக வந்தார்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எல்லாத்தயும் இறுக்கி முடிச்சிருடி."

ராகு காலத்தில் புதுக் காரியம் தொடங்கக்கூடாது என்பதுதான் ஊர் வழக்கம். தொடங்கியதை முடிக்கவும் கூடாது என்பது எங்கள் அம்மா கொண்டுவந்த திருத்தம்.

"அம்மா, வண்டிய எறக்கி, அடியில நின்னு வேல செய்ற குழிக்கு மேல கொண்டுபோய்த்தான் இறுக்கணும். புத்தகத்துல போட்டிருக்கு."

"குழிக்கு மேலதான் லொறி கெடக்கே."

கிடந்தது. எஞ்சின் கழற்றிய லொறி. அதைத் தள்ள ஆறு பேர் வேண்டும், அரை மணி நேரமும் வேண்டும்.

"அப்ப எறக்காத. இப்பிடியே இறுக்கு."

"அம்மா, புத்தகத்துல..."

"புத்தகம் எழுதுனவனா இன்னைக்கு அந்தக் காருல போகப்போறான்? அந்த மனுசன் போறாருடி. வெள்ளிக்கெழம அதுவுமா ராகு காலத்துல இறுக்குன போல்ட்டோட நுவரெலியா மலை ஏறணுமா அவரு?"

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எதையோ தேடுகிறவராக லொறிக்கு அடியில் போய் மறைந்துவிட்டார். எனக்கு ராகுவிடம் பயமில்லை. அம்மாவிடம்தான் பயம். ஸ்பானரை எடுத்தேன். பத்து இருபத்தெட்டுக்கு எட்டாவது போல்ட்டும் கிர்ரென்று இறுகியது.

காரை இறக்கினோம். முட்டுக்கட்டையிலிருந்து இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. சப்பைக் கார் எழும்பி நின்றது! (எங்கள் வீட்டில் கதை சொல்லும்போது ஒரு முழம் என்போம். மெய்யாக நாலு விரற்கடை.)

"என்னாடி இது, எந்திரிச்சு நிக்குது?" என்றார் அப்பா.

"புது ரப்பருப்பா. போகப் போக அமுங்கிரும்" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குக் காது சிவக்கும். நல்லவேளை, குளிருக்குத் தொப்பி போட்டிருந்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்குச் சேர் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஹட்டனில் சாமான் வாங்க டீச்சரம்மாவும் கூட வந்திருந்தார். சேர் காரைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் டீச்சரம்மா கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். சுகமாக உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, இப்பதான் இது மனுசர் இருக்கிற கார்! பிள்ளை, நீர் சரியான கெட்டிக்காரி!"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை.

"உங்களுக்காகத்தாங்கம்மா கொஞ்சம் ஒசத்துனேன்."

லொறிக்கு அடியிலிருந்து அப்பா இருமினார்.

சேருக்குச் சந்தேகம்தான். ஆனால் இருபது வருடத்துக்குப் பிறகு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. தலையைக்கூடச் சீவிக்கொண்டார். "எதுக்கும் துணைக்கு மோட்டார் சைக்கிளிலை பின்னாலை வாருங்கோ" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாமான் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு டீச்சரம்மாவும் நுவரெலியாவுக்கே புறப்பட்டுவிட்டார். நான் ஸ்பானர் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் ஏறினேன்.

ஹட்டன் தாண்டும்வரை ஓரளவு மரியாதையாகப் போனது. அதன்பிறகு பாதையில் குழி வந்தது. குழி கண்ட இடமெல்லாம் கார் துள்ளியது. பின்னாலிருந்து பார்க்க, இரண்டு தலைகளும் கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடியாக எழும்பி எழும்பி விழுந்தன. ஒவ்வொரு துள்ளலுக்கும் டீச்சரம்மா "முருகா!" என்றார். அப்பா திரும்பாமலே கேட்டார்: "இன்னும் அமுங்கலையாடி?"

ஒரு தோட்டத்தில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் சேர் காரை நிறுத்தினார். பகல் நிறுவைக்கு வந்த முப்பது பெண்களும் கங்காணியும் தராசை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். சேர் இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னை வகுப்பில் எழுப்பிவிட்ட மாதிரி கேட்டார்.

"பிள்ளை, புத்தகத்தை வாசிச்சனீரோ?"

"வாசிச்சேன் சேர்."

"கடைசி இறுக்குப் பற்றி என்ன கிடக்கு?"

கையைக் கட்டிக்கொண்டு ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். முழுப் புள்ளி கிடைக்கும்படியான பதில்.

"அப்ப ஏன் அப்பிடிச் செய்யேல்லை?"

"ராகு காலங்க சேர்."

முப்பது பெண்களும் "ஆமாமா, வெள்ளிக்கெழமதானே" என்று எனக்காகத் தலையாட்டினார்கள். சேர் தலையாட்டவில்லை. அப்பா தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் எனக்குள் கேட்டது. அழுகை வந்தது. அழுதால் கதை முடிந்தது என்று ரோஷமும் வந்தது.

"இங்கயே சரி பண்ணித் தாரேன் சேர். ரெண்டு பேரும் உள்ள உக்காருங்க. பாரம் வேணும்."

பாதையோரத்தில் ஆள் படுக்கிற அளவில் மழைத்தண்ணீர்க் காண் ஒன்று ஓடியது. அதன் இரு கரையிலும் சக்கரம் வருகிற மாதிரி காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்தக் காணுக்குள் இறங்கி மல்லாந்தேன். தண்ணீர் ஓவர்ஆலின் கழுத்தால் புகுந்து காலால் வெளியேறியது. அட்டை ஒன்று கழுத்தில் குடியேறியது. மேலே யாரோ போனில் வீடியோ எடுப்பது கேட்டது. (அந்த வீடியோவில் என் காலில் கிடந்த இரண்டு சப்பாத்துகள் மட்டும் தெரியும். இருந்தும் சொந்தக்காரர் எல்லாரும் சரியாக அடையாளம் கண்டுபிடித்தார்கள்.)

ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினேன். எட்டாவது தளர்ந்ததும் கார் "ம்ம்ஹ்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, என் மூக்குக்கு மேலே வந்து பதிந்து நின்றது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று உறுதிசெய்துகொண்டு எட்டையும் இறுக்கினேன். தவழ்ந்து வெளியே வந்தேன். சேர் காரை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தார். துள்ளல் இல்லை, டொக்கும் இல்லை. வெண்ணெயாகப் போனது.

"அருமை!" என்றார் சேர்.

"இஞ்சேருங்கோ" என்றார் டீச்சரம்மா. "நான் இறங்கேலாமல் கிடக்கு."

ஏறும்போது உட்காரும் கதிரை உயரத்தில் இருந்த கார், இப்போது பழையபடி கிணறாகியிருந்தது. சேர் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். அப்பா மறு கையைப் பிடித்தார். டீச்சரம்மா அசையவில்லை. அப்போது கூட்டத்திலிருந்த ஒரு அக்கா கூடையைக் கழற்றி வைத்தார்.

"தள்ளுங்க சாமி, நீங்கள்லாம். வாங்கடி புள்ளைகளா, ஆளுக்கொரு பக்கம் புடிங்க! ஏ கங்காணி, கொழுந்த அப்புறம் நிறுத்துக்கலாம், மொதல்ல டீச்சரம்மாவ எறக்குவோம்!"

ஐந்து பேர் "ஏலேலோ" போட்டுத் தூக்கியதில், டீச்சரம்மா சேலை கசங்காமல் பாதையில் வந்து நின்றார். முதலில் சிரித்தவரும் அவர்தான். ஆனால் அந்தச் சிரிப்பு காரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று சேரிடம் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸை மறித்து ஏறி ஹட்டனுக்கே திரும்பிவிட்டார். சேர் தனியாகக் கண்காட்சிக்குப் போனார். போகிறபோது கையசைக்கவும் மறந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பினோம். படியேறும்போது அப்பா "பெட்டியக் கட்டு" என்றார். அம்மா, "நல்ல நேரத்துல இறுக்குனதாலதான் ஆளுக்கு ஒண்ணும் ஆகல" என்று சாமிக்கு விளக்கு வைத்தார்.

ஞாயிறு காலை நான் கராஜில் என் ஸ்பானர்களைக் கடைசியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் போன் அடித்தது. கை முழுக்கக் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரம்மா.

"தம்பி, அந்தக் கார் வெள்ளிக்கிழமை காலமை நிண்டமாதிரித் திரும்ப உயர்த்தித் தரவேணும். துள்ளாமல் இருந்தாப் போதும். சேரும் ஓம் எண்டிட்டார், தனியப் போய் என்னத்தைக் கண்டவர்? ரெண்டு கராஜிலை கேட்டிட்டன். அப்பிடியொரு வேலை தங்களுக்குத் தெரியாது எண்டிட்டாங்கள்."

அப்பா என்னைப் பார்த்தார். ஓவர்ஆலைப் பார்த்தார். கழுத்தில் அட்டை கடித்த தழும்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது லேசுல வராதுங்கம்மா. அந்த மாதிரி வேலைய எங்க மகளத் தவிர இந்த மலையில வேற யாராலயும் செய்ய முடியாதுங்க."

நான் ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தேன். இந்த முறை ஸ்பிரிங்குகளுக்குச் சரியான தடிப்பில் கட்டை கொடுத்து, குழிக்கு மேலே வைத்து இறுக்கி, முறையாக உயர்த்தினேன். ஒவ்வொரு ஏப்ரலும் அந்தக் கண்காட்சிக்குச் சேரும் டீச்சரம்மாவும் ஜோடியாக நுவரெலியா போகிறார்கள். நானும் கொழும்பைப் பார்க்காமல் இங்கேயே இருக்கிறேன்.

ஆனால் அப்பாவின் அந்த வசனம் வீட்டிலேயே தங்கிவிட்டது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தாலும், என் வீட்டுக்காரர் சாவியை உள்ளே வைத்து வேனைப் பூட்டினாலும், யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்தில் வரைந்த மாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மாட்டுக்கு ஐந்து கால். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாதிரி வேலைய எங்க பேத்தியத் தவிர இந்த மலையில வேற யாராலயும் செய்ய முடியாது."

"அம்மா, தாத்தா என்னய நல்லாச் சொல்றாரா, கிண்டல் பண்றாரா?" என்று கேட்டாள்.

பதினொரு வருடமாக நானும் அதைத்தான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.