பெட்டியக்காவின் தாடை

மக்கள் குறைதீர்ப்பு அலுவலகத்தில் குறைகள் ஏன் தீரவில்லை என்று கண்டறிய மேலிடம் ஒரு குழுவை அமைத்தது. குழு ஆழ்ந்து ஆராய்ந்து, கோளாறு கோப்புகளில் இல்லை, முகங்களில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தது. இயக்குநரின் கன்னச் சதை தாடையைத் தாண்டி இரண்டு பக்கமும் பை மாதிரி தொங்குவதால் மக்களுக்கு நம்பிக்கை தளர்கிறது. முதல் கவுன்டர் அம்மாளின் தாடை சதுரமாக இருப்பதால் மக்களுக்கு அச்சம் உண்டாகிறது. ஆகவே பொதுநலன் கருதி, அரசு செலவில், இருவர் முகமும் சீரமைக்கப்பட வேண்டும்.

அந்த அம்மாளை அலுவலகம் முழுக்கப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போய், ஜன்னலோரத் தலைமை எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். இப்போது மறுபடி அது காலி.

"தாடையைக் கொஞ்சம் உருட்டிட்டு வாங்கம்மா. இந்தத் தடவை நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் இயக்குநர்.

"எலும்பைச் சீவுவாங்களா சார்?"

"ஊசிதானாம். பயப்படாதீங்க, நானும் வர்றேன்."

டாக்டரம்மா இயக்குநரின் முகத்தை ஒழுகுகிற கூரையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கொழுப்பைக் கரைக்கலாம். நூல் விட்டு மேல இழுத்துக் கட்டலாம். இல்லன்னா அறுத்துத் தைக்கலாம்."

"நூல்" என்றார் அவர் உடனே. "கட்டி வைக்கிறது எங்களுக்குப் பழக்கம்."

அடுத்து பெட்டியக்கா. டாக்டரம்மா அவள் தாடையில் இரண்டு விரலை வைத்தாள்.

"பல்லைக் கடிங்க."

கடித்தாள்.

"இப்ப விடுங்க."

"விட்டுட்டேன்."

"விடலையே."

"எனக்கு இதுதான் விட்டது, டாக்டர்."

"இது எலும்பே இல்லம்மா, தசை. கடிச்சுக் கடிச்சுப் பருத்திருக்கு. என்ன வேலை பாக்குறீங்க?"

"குறைதீர்ப்பு."

"ஓ" என்ற டாக்டரம்மா ஊசியில் தசையைத் தளர்த்தும் மருந்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள்.

சில வாரத்தில் பெட்டியக்காவின் முகம் கோழிமுட்டையாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது. காலையில் கணவன்தான் கண்சிவந்து உட்கார்ந்திருந்தான். "நீ பல்லை நறநறக்கிற சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே பிடிக்கலடி."

வியாழக்கிழமை, வழக்கமாக வரும் வியாழக்கிழமைப் பெரியவர் வந்தார். வீட்டு வாசலில் ஓடும் சாக்கடைக்காக மனு கொடுத்துவிட்டு ஒன்பது வருஷமாக வருகிறவர். "என் விஷயம் என்னாச்சும்மா?"

வழக்கமாக இந்த இடத்தில் பெட்டியக்காவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வரும். பல்லைக் கடிப்பாள். உண்மை உள்ளே போய்விடும். பிறகு, "அடுத்த வாரம் வாங்க" என்பாள். அன்றைக்கும் கடிக்கப் பார்த்தாள். தாடை ஒத்துழைக்கவில்லை.

"உங்க மனு மேல டீ கொட்டி, நீங்க குடுத்த அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு அய்யா. சாக்கடை சரியாகாது. நீங்களே ரெண்டு ஆளை வெச்சு மூடிக்கோங்க."

அவளே திடுக்கிட்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை. அடுத்தவளிடம், "நீங்க போக வேண்டிய ஆபீஸ் இது இல்ல. அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல" என்றாள். மதியத்துக்குள் வரிசை காலி. அலுவலக வரலாற்றிலேயே அப்படி நடந்ததில்லை.

இயக்குநர் ஓடி வந்தார். முகம் முழுக்க மலர்ச்சி.

"எனக்கு இப்ப கடுங்கோபம்மா."

"தெரியலையே சார். ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க."

"நூலு. இழுத்துக் கட்டிட்டாங்க. கோபம் உள்ள இருக்கு, நம்புங்க."

"சார், மக்களுக்கு நம்பிக்கை போனது உங்க கன்னத்தால இல்ல. உங்களாலதான்."

இயக்குநர் சிரித்த முகத்தோடு அவளுடைய பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை வாசலில் பெரிய கூட்டம். பெட்டியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மை சொன்னதற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள், நாற்காலி போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். விசாரிக்க மேலிடத்துச் செயலாளரே வந்து இறங்கினார். பெரியவர்தான் முன்னால் வந்து பேசினார்.

"அய்யா, முன்னாடி இருந்த சதுர முகத்தம்மா அடுத்த வாரம் வரச் சொல்லுவாங்க. வீட்டுல போய்ச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு. இந்தப் புது அம்மா, ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே வியாழக்கிழமை நான் எங்க போறது?"

கூட்டம் அதை ஆமோதித்தது. "எங்க பழைய அம்மாவைக் குடுங்க" என்றாள் ஒருத்தி.

செயலாளர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மக்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து, மேற்படித் தாடை முந்தைய நிலைக்குக் கொண்டுவரப்படும். கொண்டுவந்தால் பதவி உயர்வு உண்டு.

மருந்து தானாக இறங்க மாதக் கணக்காகும் என்றாள் டாக்டரம்மா. தசையை வளர்க்கப் பயிற்சி தேவைப்பட்டது. ஆகவே, இயக்குநர் தினமும் பெட்டியக்கா எதிரில் உட்கார்ந்து, மலர்ந்த முகத்தோடு, தாம் இயற்றிய சுற்றறிக்கைகளை வாசித்துக் காட்டினார். டாக்டரம்மா சொன்னதில் பாதி நாளிலேயே தாடை சதுரமாகிவிட்டது. வீட்டில் கணவன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

ஜன்னலோர நாற்காலியைத் தூக்கி வந்து முதல் கவுன்டரிலேயே போட்டார்கள். மக்கள் அவளை அங்கேதானே தேடுவார்கள்.

முதல் ஆளாகப் பெரியவர் நின்றார். "என் விஷயம் என்னாச்சும்மா?"

பெட்டியக்காவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. தாடை கெட்டியாக இறுகியது.

"அடுத்த வாரம் வாங்க."

"அப்பாடா" என்றார் பெரியவர். வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது.

அப்போதுதான் பெட்டியக்கா நிமிர்ந்து அவரைச் சரியாகப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவளை, அவளுக்கும் பின்னால் வாசல்வரை நின்றவர்களை. அத்தனை பேர் தாடையும் சதுரம்.