கைச்சீனியும் என் மேசை எறும்பும்

கண்டியில ராஜாமாரு காலத்துக்கு அப்புறம், பெரியவன் சின்னவன் பாக்காம எல்லாரையும் கையேந்த வச்ச ஒரே ஆளு எங்க கைச்சீனிதான். ஆபிஸ்ல பிளேன் டீ ஊத்துறது அவரு வேலை. வத்தேகம பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவரு. சொந்தப் பேரு சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த முதல் வாரமே சட்டம் போட்டாரு. கோப்பையில சீனி கிடையாது. குசினி வாசல்ல வரிசையா நின்னு உள்ளங்கையை நீட்டணும். ஒரு கரண்டி வைப்பாரு. அதை நக்கிக்கிட்டே டீயைக் குடிக்கணும். தோட்டத்துல அப்படித்தானாம்.

"கோப்பையில போட்டா நாலு கரண்டி போனாலும் தெரியாது சேர். கையில வச்சா கண்ணு பாக்கும். கண்ணு பாத்தா வெக்கம் வரும்."

எனக்கு வரல. மூணு கரண்டி கேட்டேன்.

"இது கையா சேர், வாளியா?"

ஒருநாள் கொழும்புல இருந்து டை கட்டின டைரக்டர் ஒருத்தர் வந்தாரு. டீயை ஒரு வாய் குடிச்சிட்டு, "சீனி?"ன்னாரு. "கையை நீட்டுங்க மாத்தையா." மனுஷன் ஏதோ பிரசாதம்னு நெனச்சு ரெண்டு கையையும் சேத்து நீட்டினாரு. நாங்க எல்லாம் ஃபைலுக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டோம். நக்கி முடிச்சிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"ன்னாரு.

"ஓராளுக்கு ஒண்ணுதான்."

அந்த மாசந்தான் டாக்டர் எனக்குச் சீனி வருத்தம்னாரு. இப்படியே போனா கால் விரலுக்கு நான் பொறுப்பில்லன்னும் சொன்னாரு. நான் யாருக்கும் மூச்சு விடல. ஊரையே கிண்டல் பண்றவன் நான். தெரிஞ்சா சும்மா விடுவானுங்களா? எப்பவும் போல வரிசையில நின்னேன். பத்தாததுக்கு, மேசை லாச்சியில ஒரு போத்தல் சீனியை ஒளிச்சும் வச்சேன்.

காட்டிக்கொடுத்தது எறும்பு. சுவர்ல இறங்கி, அஞ்சு மேசையை மதிக்காம, நேரா என் லாச்சிக்குள்ள போச்சு. துடைக்க வந்த கைச்சீனி லாச்சியை இழுத்தாரு. போத்தல் இருந்துச்சு. பக்கத்துலயே கிளினிக் கார்டு. ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு.

"என்னண்ணே அங்க?" பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பாத்தான்.

"பழைய பிஸ்கட் சேர்." போத்தலைத் துணியில சுத்திக்கிட்டு, என் காதுக்கிட்ட குனிஞ்சாரு. "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்லண்ணே."

"எறும்புக்கே தெரிஞ்சு போச்சு. வீட்டம்மாவுக்குத் தெரியல."

அன்னைக்கே சொன்னேன். வாங்கின ஏச்சு தனிக் கதை.

மறுநாள் வரிசையில நின்னு, பயந்துக்கிட்டே கையை நீட்டினேன். எல்லாருக்கும் போலவே கரண்டியை உள்ள விட்டு எடுத்து, என் கையில கவுத்தாரு. ஒண்ணும் விழல. வெறுங்கரண்டி! அவரே என் விரலை மூடி விட்டு, "சிந்தாமப் போங்க சேர்"னாரு.

நாலு வருஷம், ஆபிஸே பாக்க, வெறுங்கையை நக்கி நக்கி ரசிச்சேன். அப்படி ஒரு நடிகனை ஒருத்தனும் கண்டுக்கல. டாக்டர் மட்டும், "பரவாயில்லையே, சொன்னதைக் கேக்குறீங்களே"ன்னாரு.

இப்ப எங்க ஆபிஸ்ல டீ மெஷின். சீனிக்குத் தனிப் பட்டன் இருக்கு. கண்ணுதான் இல்ல.

கைச்சீனி வேலையை விட்டுப் போன அன்னைக்கும் வரிசையில நின்னேன். கரண்டியைக் கவுத்தாரு. நெசமாவே அரைக் கரண்டி விழுந்துச்சு!

"இன்னைக்கு மட்டுந்தான். பஸ் ஏறாம நடந்து போங்க."

நக்க மனசு வரல. கையைப் பொத்திக்கிட்டு வாவியைச் சுத்தி நடந்தேன். ஒரு சுத்து முடியிறதுக்குள்ள வேர்வையில கரைஞ்சு கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிச்சு. பக்கத்துலயே குழாய் இருந்துச்சு.

கழுவல.