பனிக்கரடி கம்பெனியின் விஞ்ஞானத் தொண்டு

அறிவியல் ஆய்வுக்கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த இருண்ட காலம் ஒன்று இருந்தது. அதை மீட்டு, சாமானிய மனிதனின் சட்டைப் பையில் போட்ட பெருமை, உலகம் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், அபுதாபியில் உள்ள ஒரு குளிர்சாதனக் கம்பெனியையே சாரும். கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். யூனிஃபார்ம் சட்டையில் பனிக்கரடி படம் இருக்கும். அந்த அடையாளம் போதும்.

சாமானிய மனிதனின் பெயர் பிரைட். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், வயது நாற்பத்தொன்று, ஏசி டெக்னீஷியன். முசஃபா தொழிலாளர் கேம்பில் தங்கிக்கொண்டு, பதினோரு வருடமாக அடுத்தவர்களுடைய அறைகளைக் குளிர வைப்பவர்.

அந்த ஜூலையில் ஒரு பல்கலைக்கழகம் ‘நகர வெப்ப வரைபடம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் சேரலாம். தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பமானி தருவார்கள். தினம் மூன்று வேளை, இருக்கிற இடத்தில் எவ்வளவு வெப்பம் என்று பார்த்து போனில் பதிய வேண்டும். கம்பெனி உடனே சேர்ந்தது. அட்மின் மேனேஜர் சேதுமாதவன் கேம்ப் மெஸ்ஸில் கூட்டம் போட்டு அறிவித்தார்.

“இது சிட்டிசன் சயன்ஸ். இன்னிலேர்ந்து நீங்க எல்லாம் சயன்டிஸ்ட். பங்கெடுக்கறது முழுக்க முழுக்க வாலன்டரி. வாலன்டியர் லிஸ்ட் நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. பேர் இருக்கறவங்க தட்டிக் கழிக்கக் கூடாது.”

பிரைட்டின் அறைத்தோழர் ராமையா, ராமநாதபுரத்துக்காரர், எழுந்து நின்றார். “சார், சயன்டிஸ்ட்டுக்குத் தனி ரூம் குடுப்பாகளா?”

“டீ-ஷர்ட் குடுப்பாங்க” என்றார் சேதுமாதவன்.

இந்த இடத்தில் கம்பெனி பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் ஏசி மே மாதமே உயிரை விட்டிருந்தது. அதில் தினமும் முப்பத்து நான்கு பேர் கட்டட சைட்டுக்குப் போய் வந்தார்கள். முப்பத்து நான்கு பேரும் ஏசி மெக்கானிக்குகள். அரை மணி நேரம் விட்டால் எவரும் அதைச் சரி செய்துவிடுவார். பிரைட் போய்க் கேட்டும் பார்த்தார்.

“நீங்க பில்டிங் ஏசி. அது வண்டி ஏசி. டிபார்ட்மென்ட்டே வேற” என்று விளக்கினார் சேதுமாதவன். பஸ்ஸின் ஜன்னல்களும் திறக்காது. ஏசி பஸ் அல்லவா! மேலே ஒரு சாண் மட்டும் காற்றுக்கு வழி உண்டு.

பிரைட் தம் விஞ்ஞானக் கடமையைச் சிரத்தையாகச் செய்தார். காலை கேம்பில் முப்பத்து மூன்று. பகலில் சைட்டின் நிழலில் நாற்பத்திரண்டு. மாலையில், வெயிலில் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாற்பத்தாறு புள்ளி எட்டு. முதல் இரண்டையும் போன் வாங்கிக்கொண்டது. மூன்றாவதைப் பதிந்ததும் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பியது. ‘பிழை. மனிதர் இருக்கும் இடத்தில் அளக்கவும்.’

“மனுசன் இருக்க எடமாக்கும் இது” என்று பிரைட் போனிடம் சொன்னார். போன் மசியவில்லை. மறுநாளும் பிழை. அதற்கு மறுநாளும் பிழை.

ஒன்பதாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கூட்ட அறையில் கோட்டுப் போடாதவர்களுக்குப் பல் கிடுகிடுக்கும். சேதுமாதவனுக்குப் பக்கத்தில் நிதின் லேப்டாப்புடன் இருந்தான். கம்பெனியில் அவன்தான் திட்டத்தின் ‘டேட்டா ஒருங்கிணைப்பாளர்’. காலை இருபத்தொன்று, பகல் இருபத்தொன்று, மாலை இருபத்தொன்று என்று ஒரு நாளும் தவறாமல் பதிந்துவரும் உத்தமத் தன்னார்வலன்.

“பிரைட், உங்களோடது மட்டும் பிழைன்னு வருது. எஞ்சின் பக்கத்துல வெச்சு அளந்தீங்களா?”

“இல்ல சார். எனக்க கையிலயாக்கும் இருந்துது.”

“அப்ப உங்களுக்கு ஜுரமா?”

“ஜுரம் நாப்பதுல நின்னுரும் சார். நாப்பத்தாறுல மனுசன் நிக்கமாட்டான்.”

“அதைத்தானே ஆப்பும் சொல்லுது!” என்று நிதின் மேசையைத் தட்டினான். வாதம் முடிந்தது. ‘கருவிக் கோளாறு’ என்று குறிப்பில் எழுதி, பிரைட்டுக்குப் புதுக் கருவி கொடுத்தார்கள். அன்று மாலை அது நாற்பத்தேழு புள்ளி ஒன்று காட்டியது. பழையதைவிடப் புதியது நேர்மையானது.

பிரைட்டை யார் யாரோ என்னென்னவோ திட்டியிருக்கிறார்கள். கவலைப்பட்டதில்லை. ஆனால் வெப்பத்தில் அவருக்குக் கணக்குத் தெரியாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சோறு இறங்கவில்லை. மறுநாள் மாலை, பஸ்ஸில் இருந்த எட்டுத் தன்னார்வலர்களையும் கூப்பிட்டு, எட்டுக் கருவிகளையும் ஒரே சீட்டில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்தார். போனில் ‘ஆய்வாளரிடம் பேசுக’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதுவரை யாரும் தொடாதது. அதை அழுத்தி அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு வந்தது. பேசியவர் பல்கலைக்கழக ஆய்வாளர் டாக்டர் அஃபீஃபா. காயல்பட்டினத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா.

“அண்ணா, எட்டு மீட்டரும் சேந்து எரர் ஆகாது. அது பாசிபிளே இல்ல. வியாழக்கிழமை நானே உங்க பஸ்ல வரேன், ஓகே?”

முறைப்படி கம்பெனிக்கும் கடிதம் போட்டார். விளைவாக, வியாழக்கிழமை மாலை சைட் வாசலில் ஒரு புது பஸ் நின்றது. திரைச்சீலை, தண்ணீர் பாட்டில், கதவில் சிரிக்கும் பனிக்கரடி.

ராமையா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஏப்பா, இதுல நாம ஏறணுமா, இல்ல பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கணுமா?”

ஏறினார்கள். அஃபீஃபாவுடன் சேதுமாதவனும் நிதினும் ஏறிக்கொண்டார்கள். அஃபீஃபா தம் கருவியை எடுத்துப் பார்த்தார். இருபத்து மூன்று புள்ளி நான்கு. சேதுமாதவனின் முகம் மலர்ந்தது. “எங்க ஸ்டாஃபோட சௌகரியத்துல நாங்க காம்ப்ரமைஸ் பண்றதே இல்ல, மேடம்.”

 பிரைட் பொய்யன் என்பது இப்போது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. இது எங்கள் பஸ் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு எந்த பஸ்ஸும் இருக்காது. கையைத் தூக்கினார்.

“மேடம், ஒரு சந்தேகம். ஒரு நாள் அளந்தா போதுமா?”

அஃபீஃபா அவரைப் பார்த்தார். புது சீட்டுகளில் இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். அப்புறம் சேதுமாதவனைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லா கேட்டீங்க அண்ணா. போதவே போதாது. முப்பது நாள் வேணும். அதே டைம், அதே பஸ்.”

“இதே பஸ்ஸா?” என்று சேதுமாதவன் கேட்டார்.

“இதேதான் சார். பஸ் மாறினா டேட்டா எல்லாம் வேஸ்ட்.”

முப்பத்து நான்கு பேரும் சேதுமாதவனைப் பார்த்தார்கள். நிதின் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தான். “சயன்ஸுக்காக நாங்க எதையும் செய்வோம்” என்றார் சேதுமாதவன், கேமராவைப் பார்த்து.

அந்த முப்பது நாளும் அறிவியலின் பொற்காலம். ஆட்கள் பஸ்ஸில் தூங்கினார்கள். ராமையா குறட்டை விட்டார். ஒருநாள் அவரே தும்மிக்கொண்டு, “பிரைட்டு, சயன்ஸக் கொஞ்சம் கொறச்சு வைய்யி, குளுருது” என்றார். பிரைட்டின் அளவுகளைப் போன் மறுப்பின்றி ஏற்றது. கம்பெனிக்குப் பாராட்டுக் கேடயம் கிடைத்தது. சேதுமாதவன் மேடையேறி வாங்கினார். பிரைட்டுக்கு டீ-ஷர்ட் கிடைத்தது, ஸ்மால் சைஸ்.

முப்பத்தோராம் நாள் பழைய பஸ் வந்து நின்றது.

“சயன்ஸ் முடிஞ்சுபோச்சு போலப்பா” என்றார் ராமையா.

பிரைட் ஏறி உட்கார்ந்து, கருவியைப் பார்த்து, போனை எடுத்தார். “மேடம், நாப்பத்தேழாக்கும். முப்பது நாளு கொறவாப் போச்சோன்னு ஒரு சந்தேகம்.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணா.”

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்தது: ஆய்வு ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது, முன்னறிவிப்பின்றி ஆய்வாளர் வருவார். அன்று மாலையே புது பஸ் திரும்பி வந்துவிட்டது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மகத்தான ஆய்வு, வெப்பத்தைப் பற்றி உலகுக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால் ஓர் உண்மையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டது. கம்பெனியிடம் நல்ல பஸ் இல்லாமல் இல்லை. பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.