ஏரிக்கு மேலே ஒரு கல்லறை

இதை எனக்கு முதலில் சொன்னது இன்சுக்தான். போன நவம்பரில், எங்கள் தேவாலயச் சபைக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்ட அன்று, இரண்டு பேரும் முழங்கைவரை மிளகாய் விழுதோடு உட்கார்ந்திருந்தோம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் கலங்கியதற்கு மிளகாய்மேல் பழி போட்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஹ்வாங் தொக்சூ பள்ளிக்கூடத்தில் வரலாறும் புவியியலும் நடத்துகிறவர். புத்தகத்தையே தொடமாட்டார். கணினியில் வரைபடத்தைத் திறப்பார். தெருவில் நிற்பதுபோலப் படம் வரும். வருஷத்தைப் பின்னால் தள்ளுவார். அடுக்குமாடி மறைந்து வயல் வரும். "மனுஷன் பொய் சொல்லுவான், தரை பொய் சொல்லாது, பிள்ளைகளா!" என்று முடிப்பார். பாடம் முழுக்க முதலில் வீட்டில் இன்சுக்கிடம் ஒத்திகை நடக்கும். அவளும் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பாள்.

சூசொக் அறுவடைத் திருநாளுக்கு முன்னால் பெரியவர்களின் கல்லறை மேட்டில் புல் வெட்டவேண்டும். இன்சுக்குக்கு அண்ணன் தம்பி இல்லை. அவள் அம்மாவின் மேடு மருமகன் தலையில் விழுந்தது. வருஷா வருஷம் அரிவாளோடு போவார். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். அரிவாளோடு தூண்டிலும் போனது அவருக்கும் காருக்கும்தான் தெரியும்.

அந்தச் செப்டம்பரில், வழக்கம்போலப் பிள்ளை பெயரை வைத்து அவரைக் கூப்பிட்டு, இன்சுக் சொன்னாள். "மிஞ்சே அப்பா, இந்தத் தடவை நானும் வர்றேன்."

அவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "முழங்கால் ஆபரேஷன் ஆனவ மலை ஏறலாமா? உக்காரு. அத்தையை இங்கேயே காட்டுறேன்."

நல்ல யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தார். அங்கிருந்து பார்த்தால் வெட்டின புல்லும் பச்சை, வெட்டாத புல்லும் பச்சை.

"எப்படி? பட்டு மாதிரி இல்ல?"

"இருக்குங்க. ஆனா தெருவிலேருந்து பாக்கலாமே." சொல்லும்போதே கணினிச் சுட்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். ஒத்திகை கேட்டவள் அல்லவா! இரண்டு சொடுக்கில் மலைப்பாதை வந்தது. வருஷத்தைத் தள்ளினாள். மேட்டையே காணோம், ஆள் உயரத்துக்குக் களை.

"இது ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மிஞ்சே அப்பா."

"அது... படம் எடுத்த மறுநாள்தான் வெட்டினேன்!"

"ஓ. அப்ப போன வருஷத்தைப் பாப்போம்."

தொக்சூ கண்ணை மூடிக்கொண்டார். திறந்தால், அதிசயம்! மொட்டையடித்த தலைபோல மேடு சுத்தமாக இருந்தது. யார் செய்த புண்ணியமோ! மார்பு நிமிர்ந்தது.

"பாத்தியா? பாத்தியா? இடுப்பு ஒடிய வெட்டினது யாரு? சந்தேகப்பட்டியே!"

"நீங்கதான் வெட்டினீங்களா?"

"பின்னே ஆவியா வந்து வெட்டுச்சு?"

"சத்தியமா?"

"அத்தை மேல சத்தியம்!"

இன்சுக் படத்தை மெல்ல இடதுபக்கம் திருப்பினாள். மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். பூப்போட்ட தொளதொளக் கால்சட்டையை மங்கலாக்கவில்லை. மடியில் அரிவாள், பக்கத்தில் ஊன்றுகோல்.

தொக்சூ திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "நீ... அன்னிக்கு உபவாச ஜெபம்னு..."

"ஜெபம்தான் பண்ணினேன். ஏறும்போது முழங்காலுக்கு, இறங்கும்போது உங்களுக்கு. முழங்காலுக்குக் கேட்டது கிடைக்கல. அப்புறம் டாக்டருங்க கத்தி வச்சாங்க."

"எனக்கெப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கமே..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் படத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பினாள். ஏரி. கரையில் அவர்களுடைய நீலக் கார். மடக்கு நாற்காலியில், இருபத்தைந்து வருஷப் பணிக்காகப் பள்ளிக்கூடம் கொடுத்த மஞ்சள் தொப்பி. கையில் தூண்டில். அதே நாள், அதே மணி, ஒரே படம்.

தொக்சூ மெல்லக் கேட்டார். "மேலேருந்து என்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே, மிஞ்சே அம்மா."

"குடுக்கலாம்னுதான் வாயைத் திறந்தேன்," என்றாள் இன்சுக். "மீன் ஓடிடுமேன்னு விட்டுட்டேன்."

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளைப் பார்த்தால் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.