வியாழக்கிழமை தைராய்டு

இன்சுலினை ஒழுங்காகப் போட்டால் தைராய்டும் தானே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும் ததேயுஸுக்குப் பகீரென்றது.

"முழுசா சரியாயிருமா டாக்டர்? கொஞ்சம்கூட மிச்சம் இருக்காதா?"

"இருக்காது. உங்களுக்குத் தைராய்டு நோயே இல்ல. சுகர் முந்நூற்றம்பதுல நிக்கும்போது தைராய்டு ஹார்மோனை உடம்பு சரியா மாத்தி எடுத்துக்காது. அதான் டி-3 குறைவா காட்டுது. சுகர் இறங்கினா அது தன்னால ஏறும், மாத்திரை வேண்டாம். மாசம் ஒரு வியாழக்கிழமை தைராய்டு கிளினிக்குக்கு வந்து ரத்தம் பாருங்க. சரியானதும் வியாழக்கிழமையை நிறுத்திரலாம். பிறகு செவ்வாய்க்கிழமை சுகருக்கு மட்டும் வந்தாப் போதும்."

வியாழக்கிழமையை நிறுத்துவதா? வெளியே மூன்றாவது வரிசை நாற்காலியில் தாணம்மாள் உட்கார்ந்திருக்கிறாளே!

நாற்பது வருஷத்துக்கு முன்பு கருங்கல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு அடுத்த மெஷின் அவளுடையது. ததேயுஸின் மெஷினில் 'இ' எழுத்து மேலே போனால் இறங்காது. பக்கத்திலிருந்து கையை நீட்டி, விரலால் தட்டி இறக்கிவிடுவது அவள்தான். 'இ' இல்லாமல் ஆங்கிலத்தில் எதை அடிக்க முடியும்? ஒரு மணி நேரத்தில் நூறு தடவையாவது அந்த வளையல் சத்தம் கேட்கும். மெஷினை ரிப்பேர் பார்க்க ஆள் வந்த அன்று, "இதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று ததேயுஸ் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவள் தேங்காய் வியாபாரி மகள். இவர் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைக்காரர். நடுவே ஒரு கோயிலும் ஒரு சர்ச்சும். டைப்பிங்கில் ஹையர் பாஸான கையோடு மஸ்கட்டுக்குப் போய், முப்பது வருஷம் யார் யாருக்கோ கடிதம் அடித்துக் கொடுத்தார். அவளுக்கு மட்டும் ஒரு வரி அடிக்கவில்லை. இப்போது இவருக்கு மனைவி இல்லை. அவளுக்குக் கணவர் இல்லை.

இந்த முதல் வியாழக்கிழமை, டாக்டர் கூப்பிடுமுன், ஹாலில் அவள்தான் அடையாளம் கண்டுபிடித்தாள்.

"ததேயுஸ்தானே? இப்பமும் கீயைப் பாத்துத்தான் அடிப்பியளா?"

"தாணம்மாளா? உங்களுக்கும் தைராய்டா?"

"எல்லாருக்கும் இருக்கே" என்று சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை இன்சுலினுக்குப் பலி கொடுக்க ததேயுஸ் தயாராக இல்லை. மறுநாள் முதல், ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பாமலே வயிற்றில் வைத்து, "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்தார்.

அடுத்த மாதம் டி-3 இன்னும் இறங்கியிருந்தது. ததேயுஸுக்கு உள்ளூரக் குஷி. டாக்டருக்கு இல்லை. ஊசி அளவைக் கூட்டி எழுதி, போடும் பொறுப்பை மருமகள் ஷிஜியிடம் கொடுத்துவிட்டார். ஷிஜி காலையில் மணி எட்டு அடிக்குமுன் ஊசியோடு நிற்பாள்.

வேறு வழியில்லாமல் ததேயுஸ் வெல்லப்பாகில் உருட்டிய முந்திரிக்கொத்துக்கு மாறினார். காலையில் இரண்டு, மாலையில் மூன்று.

"மாமா, உங்க சட்டைப் பைக்குள்ள எறும்பு போவுதே, எதுக்கு?"

"அதுக்கு என்ன சோலியோ, எனக்கு எப்படித் தெரியும் மக்கா?"

சட்டை தொளதொளத்தது. தாகம் அடங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது. மூன்றாவது வியாழக்கிழமை தாணம்மாள் என்றுமில்லாத மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் உங்களுக்காக..."

ததேயுஸ் தூங்கிவிட்டார்.

விழித்தபோது ஹாலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாணம்மாள் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல... எனக்காக?" என்று பதறினார்.

"அந்த பஸ் போயாச்சு."

"இன்னொருக்கா சொல்லுங்க தாணம்மா!"

"முதல்ல இதைச் சொல்லுங்க. ஊசி போடுதியளா, இல்லியா?"

நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கண்களைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. முந்திரிக்கொத்து வரைக்கும் ஒப்புக்கொண்டார். ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு என்னமாம் ஆச்சுன்னா? இனி ஒருநாள் இப்படித் தூங்கி விழுந்தா நான் இங்க வரவே மாட்டேன், பாத்துக்கிடுங்க."

ஊசி போட்டால் வியாழக்கிழமை போய்விடும். போடாவிட்டால் தாணம்மாளே போய்விடுவாள். ததேயுஸ் ஷிஜியிடம் வயிற்றைக் காட்டி நின்றார்.

இரண்டே மாதம். முகத்தில் தெளிவு வந்தது. தூக்கம் ராத்திரியோடு நின்றது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் சொன்னேன்லா? சுகர் இறங்குச்சு, டி-3 ஏறிட்டு. இனி வியாழக்கிழமை வரவே வேண்டாம்."

பரீட்சையில் தோற்றவர்போல ததேயுஸ் வெளியே வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் தாணம்மாள்.

"எல்லாம் நார்மல்."

"நல்ல காரியம்தானே! மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இனி நான் செவ்வாய்க்கிழமைதான்."

அவள் கையிலிருந்த டோக்கனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பம் சரி" என்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ததேயுஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்றும் இப்படித்தான் அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். இந்தத் தடவை விடக்கூடாது. எழுந்து டோக்கன் கவுண்டருக்குப் போனார். உள்ளே ரெனிஷா சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, அடுத்த வியாழக்கிழமைக்கு எனக்கு ஒரு தைராய்டு டோக்கன் போடு."

"உங்களுக்குத்தான் சரியாயிட்டே அங்கிள்!"

"திரும்பி வராதுன்னு என்ன நிச்சயம்? சும்மா வந்து ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன். என் பக்கத்துல இருப்பாங்களே ஒரு அம்மா, அவங்க வியாழக்கிழமை வருவாங்கல்லா?"

ரெனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவங்க இப்பதான் செவ்வாய்க்கிழமை சுகருக்கு டோக்கன் போட்டுட்டுப் போறாங்க அங்கிள், 'உங்களுக்குச் சுகரே இல்லியே'ன்னு கேட்டேன், 'தைராய்டு மட்டும் எனக்கு இருந்துதா மக்கா?'ன்னுட்டுப் போறாங்க."