ஆறு மணி வரை தொழிலாளி

மாலையில் சட்டையைக் கழற்றும்போதே தன் கொள்கையையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இவர் தொழிலாளி. அதுவும் லேசுப்பட்ட தொழிலாளி இல்லை. வேலை நேரம், ஓய்வு, விடுமுறை, நியமனக் கடிதம் என்று தொழிலாளர் சட்டம் முழுவதும் இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வீட்டு வாசலில் செருப்பை விட்டதும் முதலாளி. இப்படி யாரையும் உங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுங்கள், தெரியும்.

எனக்குத் தெரிந்தவர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர். எந்தப் பேச்சிலும் ஒரு ஷரத்தைச் சொருகுவதால் அவருக்கு 'ஷரத்து சார்' என்று பெயர். மதியம் ஒரு மணி அடித்தால் எழுதிக்கொண்டிருக்கும் சொல் பாதியில் நிற்கும், பேனா மூடும். மேனேஜர் ஆறு மணிக்கு மேல் "ஒரு அஞ்சு நிமிஷம் சார்" என்று இழுத்தால், "எழுத்துல கொடுங்க" என்பார். மேனேஜர் எழுத்தில் கொடுக்க மாட்டார், இவர் படியிறங்கிவிடுவார். எங்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளைப் பார்த்து, "கேட்டாத்தான் கிடைக்கும். வாயை மூடிட்டு இருக்கிறவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டுப் போவார். நாங்கள் வாயை மூடிக்கொண்டே அவரை வியப்போம்.

அவருடைய மாபெரும் வெற்றி அறிவிப்புத் தாள் போராட்டம். தொழிலாளர் உரிமைகளை அச்சடித்த தாளை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்று சட்டம். மேனேஜர் சட்டத்தை மதிப்பவர், ஒட்டினார். பீரோவுக்குப் பின்னால். "ஒட்டித்தானே இருக்கு? அதுவும் போக, நாமெல்லாம் ஒரே குடும்பம், நமக்குள்ள எதுக்குங்க சட்டம்?" என்றார். ஷரத்து சார் விடுவாரா? மூன்று மனு, இரண்டு நினைவூட்டல், ஒரு பெரிய சண்டை. கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் புதுத் தாள் ஒன்று ஏறியது. பீரோவின் பின்னாலிருந்து உரித்தெடுத்த பழைய தாளைச் சுருட்டிக்கொண்டு, கோப்பை வென்றவர் போல வீட்டுக்குப் போனார்.

அந்தக் கொண்டாட்டத்துக்காக ஒரு ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். சமைத்தவர் அவர்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. காலை ஆறு மணிக்கு வந்தால் ராத்திரிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார், வாரம் ஏழு நாளும். "அக்காவை நாங்க வேலைக்காரியா நடத்துறதே இல்ல" என்றார் ஷரத்து சார். உண்மைதான். வேலைக்காரியாக நடத்தினால் விடுமுறை கொடுக்க வேண்டி வருமே!

சாப்பாட்டின் நடுவில் வார விடுமுறையைப் பற்றி அவருக்கு ஆவேசம் வந்தது. "ஆறு நாள் உழைச்சவனுக்கு ஏழாவது நாள் அவனோடது. அதைப் பிடுங்குறவன் மனுஷனா?" என்று மேசையைத் தட்டினார். எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

"சார், ஒரு சந்தேகம். அதேதான் சர்க்கரை டப்பாக்குக் கீழயும் போட்டிருக்கு. அது யாருக்கு சார்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாரின் மனைவிதான் விளக்கினார். வெற்றிக் கோப்பையான அந்தப் பழைய தாள் மூன்று நாள் சோபாவில் கிடந்து இடைஞ்சல் செய்ததாம். வழவழப்பான நல்ல தாள் என்பதால் சமையலறை அலமாரியில் விரித்து டப்பாக்களை அடுக்கிவிட்டாராம். அக்கா டப்பாவை எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்திருக்கிறார். தொழிலாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்ற சட்டம் அந்த ஊரிலேயே அந்த வீட்டில்தான் ஒழுங்காக நிறைவேறியிருந்தது.

"எல்லாத் தொழிலாளிக்கும்தான்! கேட்டாத்தான் கிடைக்கும்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார் சார்.

"அப்ப எனக்கும் ஞாயித்துக்கிழமை வேணும் சார். பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை பத்துலருந்து நாலு வரைக்கும்தான் பாக்க விடுவாங்க. அவளை அங்க சேர்த்து ஏழு மாசம் ஆச்சு, ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் நீங்க ஊர்ல இல்ல."

ஷரத்து சார் தண்ணீர் குடித்தார். பிறகு வாயைத் திறந்தார் பாருங்கள், எங்கள் மேனேஜரே நேரில் வந்துவிட்டார்!

"என்ன அக்கா, நமக்குள்ள எதுக்கு சட்டம்? நீங்க இந்தக் குடும்பத்துல ஒருத்தர்."

"சரி சார். இந்தக் குடும்பத்துல ஞாயித்துக்கிழமையும் லீவு இல்லாதவங்க வேற யாரு?"

"நான் ஒருத்தி இருக்கேனே!" என்றார் மனைவி, சட்டென்று. நிலைமை கைமீறுவதைப் பார்த்த சார் ஷரத்துக்குத் தாவினார். "சட்டத்துல 'நிறுவனம்'னு போட்டிருக்கு. வீடு நிறுவனத்துல வராது. புரியுதா உனக்கு?" அதுவரை 'நீங்க'வாக இருந்த அக்கா அந்த இடத்தில் 'உனக்கு' ஆகிவிட்டார்.

"புரியல சார். வருமா வராதான்னு போன் பண்ணிக் கேட்டுக்கிறேன். தொழிலாளர் ஆபீஸ் நம்பர் உப்பு டப்பாக்குக் கீழ இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அக்காவின் ஞாயிற்றுக்கிழமையைத்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை. பத்து மணிக்கெல்லாம் மகளின் விடுதி வாசலில் நின்றாராம். திங்கட்கிழமை ஷரத்து சார் ஒரு விரலில் தீக்காயக் கட்டோடு அலுவலகம் வந்தார். "இந்தக் காலத்துல வேலைக்கு இருக்கிறவங்களுக்கு விசுவாசமே இல்ல" என்றார். மேனேஜர் முதல் முறையாக அவரோடு ஒத்துப்போனார். "அந்தத் தாள் என்ன ஆச்சு?" என்று நான் மெல்லக் கேட்டேன். "டப்பாக்குக் கீழ பழைய பேப்பர் போட்டாச்சு. அது பத்திரமா எங்க வீட்டு பீரோவுக்குப் பின்னால இருக்கு" என்றார்.

இந்தக் கதையை என் வீட்டில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். வேலைக்கு வந்து வீடு துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அது என்ன நம்பர்ங்க?" என்று கேட்டார்.

நீங்கள் சிரித்தீர்களா? நல்லது. இன்று விடுமுறை நாளாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் உட்கார்ந்து இதைப் படிக்க உங்களுக்கு ஏது நேரம்? பக்கத்தில் டீ இருக்கிறதா? ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். அதைப் போட்டுக் கொடுத்தவரிடம் மட்டும், இன்று என்ன கிழமை என்று கேட்டுவிடாதீர்கள், சொல்லிவிடப் போகிறார்.